முதல் முறை கொலு வைக்கிறீர்களா? மூன்று படி போதும்

கொலு வைக்க ஆசைப்படுகிறவர்களைப் பயமுறுத்துவது படியும் பொம்மையும் இல்லை. "ஒரு வருஷம் வெச்சா அப்புறம் விடவே கூடாது" என்கிற பேச்சுதான். தனிக்குடித்தனம் வந்த முதல் புரட்டாசியில் மாமியார் இதைச் சொன்னபோது எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அதனாலேயே மூன்று படியோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்பது படி ஆசையில் ஆரம்பித்தவர்கள் சிலர் மூன்றாம் வருஷமே பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் நாள்

புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் நவராத்திரி தொடங்கும். முதல் மூன்று நாள் துர்க்கை, அடுத்த மூன்று லட்சுமி, கடைசி மூன்று சரஸ்வதி. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை, மறுநாள் விஜயதசமி. அமாவாசையன்றே படி கட்டி, ஒரே ஒரு பொம்மையையாவது எடுத்து வைத்துவிடுவது பலர் வீட்டு வழக்கம். மற்றதை மறுநாள் அடுக்கிக்கொள்ளலாம். காலண்டரைப் பார்த்து அமாவாசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் உங்களுக்கு உண்மையான வேலை நாள்.

படி கட்டுவது

படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: 3, 5, 7, 9. கடையில் இரும்பிலும் பிளாஸ்டிக்கிலும் மடக்குப் படி கிடைக்கிறது. முதல் வருஷம் வாங்காதீர்கள். வீட்டில் இருப்பதே போதும்.

சுவரோரமாக 3 அடி அகலம், 3 அடி ஆழம் இடம் ஒதுக்குங்கள். சுவரை ஒட்டி ஒரு பெஞ்ச் அல்லது சின்ன மேஜை, சுமார் 24 அங்குல உயரம். அதற்கு முன்னால் தகரப் பெட்டி, 16 அங்குலம். அதற்கும் முன்னால் நான்கு செங்கல் மேல் ஒரு பலகை, 8 அங்குலம். ஒவ்வொரு படியும் ஓரடி ஆழம் இருந்தால் பொம்மை நிற்கும், பின்னால் இருப்பதை எடுக்கக் கையும் போகும். உயரம் கொஞ்சம் குறைந்தால் பழைய டைரியோ பாடப் புத்தகமோ அடியில் வைத்து ஈடுகட்டலாம்.

துணி விரிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒவ்வொரு படியின் முன் விளிம்பிலும் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடியில் அட்டையை மடித்துக் கொடுங்கள். முதல் வருஷம் நான் இதைச் செய்யவில்லை. இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் பலகை போட்டு, அதன் ஓரத்தில் கலசத்தை வைத்தேன். பலகை ஏற்றம் மாதிரி ஒரு பக்கம் இறங்க, கலசம் உருண்டு, வெண்ணெய்க் கிருஷ்ணனுக்கு வலது கை போனது. இன்றும் அவர் ஒட்டுப்போட்ட கையோடுதான் தவழ்கிறார்.

மேலே விரிக்க வெள்ளை வேட்டிக்கு ஈடு இல்லை. எட்டு முழ வேட்டியை மேல்படியிலிருந்து கீழ்நோக்கி விட்டு, ஒவ்வொரு படியின் உள்மூலையிலும் நன்றாக அழுத்தி, ஓரங்களில் ஊக்குக் குத்துங்கள். மூலையில் துணி தொய்ந்திருந்தால் பின்வரிசைப் பொம்மை சரியாக நிற்காது. பட்டுப்புடவை விரிக்கலாம்தான், ஆனால் அந்த ஜரிகைப் பளபளப்பில் பொம்மை எடுபடாது.

என்னென்ன பொம்மை

கட்டாயம் என்று சொன்னால் மூன்றுதான்: பிள்ளையார், மரப்பாச்சி ஜோடி, செட்டியார் ஜோடி.

மரப்பாச்சி செஞ்சந்தன மரத்தில் செய்த ஆண், பெண் பொம்மை. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படித்தான் கொலு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனது. உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், ஏதாவது பெட்டியின் அடியில் கிடக்கும். மரப்பாச்சிக்கு வருஷா வருஷம் புதுத்துணி கட்டுவது குழந்தைகளுக்கு விடவேண்டிய வேலை. தையற்காரரிடம் துண்டுத்துணி கேட்டு வாங்கி, உடுத்திவிட்டு, முத்துமாலை போடச் சொல்லுங்கள். கோணல் மாணலாகத்தான் வரும், மாற்றிக் கட்டாதீர்கள்.

செட்டியாரும் ஆச்சியும் தொப்பையும் சிரிப்புமாகக் கடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் கிண்ணங்களில் அரிசி, துவரம்பருப்பு, மிளகு, உப்பு, வெல்லம் என்று நிஜச் சாமானே வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் குழந்தைகள் முதலில் போய் நிற்பது இங்கேதான். வெல்லக் கிண்ணத்தைத் தினமும் நிரப்ப வேண்டியிருக்கும்.

மற்றபடி கைக்காசைப் பொறுத்தது. சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு நெருங்கும்போது நடைபாதை முழுக்கப் பொம்மைதான். அரசின் கைவினைப் பொருள் கடைகளான பூம்புகார் நிலையங்களில் வருஷந்தோறும் கொலுக் கண்காட்சி போடுவார்கள். கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு ஆகியவை பொம்மை செய்கிற இடங்கள். அந்தப் பக்கம் போனால் நேராகவே வாங்கலாம். தஞ்சாவூர்த் தலையாட்டியும் ஆந்திராவிலிருந்து வரும் கொண்டப்பள்ளி மரப்பொம்மையும் வைத்தால் படிக்கே ஒரு களை வரும்.

மண்ணா, காகிதக்கூழா என்று கேட்பீர்கள். மண் பொம்மைக்கு முகம் திருத்தமாக இருக்கும், கனம், விழுந்தால் போச்சு. காகிதக்கூழ் லேசானது, பரணில் ஏற்றி இறக்க வசதி, ஈரம்தான் ஆகாது. மாடி வீட்டில், ஓடியாடும் குழந்தைகளோடு இருப்பவர்களுக்குக் காகிதக்கூழ் நல்லது. எதுவானாலும் வாங்கும்போது தட்டையான இடத்தில் நிறுத்திப் பாருங்கள், முகத்தை வெயிலில் பாருங்கள். கண் கோணலாக வரைந்திருந்தால் ஒன்பது நாளும் அது உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்குவது வழக்கம். ஒன்றே ஒன்று. 2019இல் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் எழுந்தருளிய வருஷம் எங்கள் வீட்டுக்கும் படுத்த கோலத்தில் ஒரு குட்டி அத்திவரதர் வந்தார்.

கலசமும் அடுக்கும்

செம்பு அல்லது பித்தளைச் சொம்பைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, அரிசி நிரப்பி, ஒரு நாணயம் போட்டு, வாயில் ஐந்து மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயைக் குடுமி மேலே பார்க்க வையுங்கள். தண்ணீரும் ஊற்றலாம், பத்து நாளில் வாடை வரும், நான் அரிசிதான். மேல்படி நடுவில் அதை வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

பெரிய கொலுவில் கீழிருந்து மேலாக ஓரறிவு முதல் ஏறும் வரிசை உண்டு. செடி கொடி, அப்புறம் நத்தை சங்கு, எறும்பு, நண்டு வண்டு, விலங்கு பறவை, மனிதர், மகான்கள், தேவர்கள், உச்சியில் மும்மூர்த்திகளும் தேவியரும். மூன்று படிக்காரர்கள் இதைச் சுருக்கிக்கொள்ளலாம்: கீழே விலங்கு, பறவை, செட்டியார் கடை, நடுவில் மனிதர், மகான்கள், மரப்பாச்சி, மேலே சாமி. உயரமான பொம்மை பின்னால், குட்டி முன்னால். தசாவதாரம் மாதிரிச் செட்டைப் பிரிக்காதீர்கள். பலராமர் எந்தப் பக்கம் என்று கேட்டு ஒரு மாமா கட்டாயம் வருவார்.

தரையில் ஒரு பார்க் வைக்க ஆசை இருந்தால், அமாவாசைக்கு ஐந்து நாள் முன்பே தட்டில் ஈரமண் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவித் தினமும் தண்ணீர் தெளியுங்கள். கொலு தொடங்கும்போது பச்சைப் புல்வெளி தயார். நடுவே ஒரு கைக்கண்ணாடி வைத்தால் குளம்.

குத்துவிளக்கைப் படியிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள், வேட்டி தொங்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். சீரியல் விளக்கைத் தூங்கும் முன் அணையுங்கள்.

தினமும், முக்கியமாகச் சுண்டல்

காலை மாலை விளக்கேற்றி, வாசலில் கோலம் போட்டு, தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடி, நைவேத்தியம் காட்டி, இரவில் ஆரத்தி எடுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. பாடத் தெரியாவிட்டால் பரவாயில்லை, வருகிற மாமிகள் பாடுவார்கள்.

சுண்டலில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு டம்ளர் வெள்ளைக் கொண்டைக்கடலை சுமார் 200 கிராம்; தொன்னையில் எட்டுப் பேருக்குக் கொடுக்கலாம். சாயங்காலச் சுண்டலுக்குக் காலை எட்டு மணிக்குள் ஊறப் போட்டுவிடுங்கள். உப்புப் போட்டு, கடலை மூழ்கி ஓரங்குலம் மேலே தண்ணீர் விட்டு, குக்கரில் நான்கைந்து விசில். விசில் எண்ணிக்கையை நம்பாமல் ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்குங்கள்: மாவாக அமுங்க வேண்டும், ஆனால் தோல் கழன்று ஓடக் கூடாது. தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள் (ரசத்துக்கு ஆகும்). தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கடலையைப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு தேங்காய்த் துருவல், மாங்காய்த் துருவல். சூட்டோடு மூடி வைத்தால் தேங்காய் கெட்டு, ஏழு மணிக்கே வாடை வந்துவிடும். நைவேத்தியம் என்பதால் வெங்காயம் கிடையாது.

பட்டாணி சீக்கிரம் குழையும், ஜாக்கிரதை. ஊறப் போட மறந்த நாளுக்குக் கடலைப்பருப்பு இருக்கிறது. ஒரு மணி நேரம் ஊறினால் போதும், குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு செய்வது மரபு. பாகுப் பதம் முதல் தடவையே வராது. வராவிட்டால் வெல்லம் போட்ட பாசிப்பயறுச் சுண்டல் செய்துவிட்டுப் பேசாமல் இருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

அழைப்பும் தாம்பூலமும்

முன்பெல்லாம் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைப்பார்கள். இப்போது வாட்ஸ்ஆப். ஆனால் பக்கத்து வீட்டுக்காவது நேரில் போங்கள். வருகிறவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு வாழைப்பழம் அல்லது தேங்காய், முடிந்தால் ரவிக்கைத் துணி. பத்துப் பையைக் காலையிலேயே போட்டு வைத்துவிட்டால் மாலையில் ஓட வேண்டாம். வெற்றிலையை மட்டும் கடைசியில் வையுங்கள், வாடிவிடும்.

சுமங்கலிக்கு மட்டும்தான் தாம்பூலம் என்று சில வீடுகளில் இன்னும் பார்க்கிறார்கள். கணவர் போன பிறகு என் அத்தை கொலுவுக்கு வந்து, தாம்பூலத் தட்டு வரும் நேரம் பார்த்து எழுந்து சமையலறைக்குள் போனார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் முதல் தட்டு அவருக்குத்தான்.

கடைசி இரண்டு நாள்

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி, கடலை, பழம் படைப்பார்கள். அன்று படிக்கக் கூடாது என்பதால் குழந்தைகளுக்குப் பிடித்த பூஜை இதுதான். ஆயுத பூஜையும் அன்றே, அரிவாள்மணையிலிருந்து ஸ்கூட்டர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு. விஜயதசமி காலையில் புனர்பூஜை முடித்து, எடுத்த புத்தகத்தில் நாலு வரியாவது படிக்க வேண்டும்.

அன்றிரவு ஆரத்தி எடுத்து, ஒரு பொம்மையை மட்டும் மெல்லப் படுக்க வையுங்கள். கொலு அவ்வளவுதான். மறுநாள் நிதானமாக எடுக்கலாம்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மையை உலர்ந்த துணியால் துடைத்து, முதலில் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அதற்கு மேல் செய்தித்தாள். நேராகச் செய்தித்தாளில் சுற்றினால் மை முகத்தில் ஒட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கை, வேல், புல்லாங்குழலுக்குத் தனியாகக் கொஞ்சம் பஞ்சு. கனமானவை பெட்டியின் அடியில். பெட்டி மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். என் பெட்டி ஒன்றில் இப்படி இருக்கிறது: "2ஆம் படி: மரப்பாச்சி, கல்யாண செட், பாம்பாட்டி. மேளக்காரர் தலை தனியா இருக்கு, ஒட்டணும்." நாலு வருஷமாக அதே சீட்டுதான்.