ரூட்டா ஓடுற ஸ்கிரிப்ட்டுக்கு இன்புட் குடுக்குறீங்களா, இதைப் பாத்துட்டு குடுங்க

சிங்கப்பூர்ல துவாஸ், ஜூரோங் பக்கம் லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல ஐடி பாக்குற தம்பிங்களுக்காக எழுதுறேன். வெப் பேஜ்ல கன்டெய்னர் நம்பர் அடிச்சா பின்னாடி ஒரு பாஷ் (லினக்ஸ்ல கமாண்டை ஓட்டுற ஷெல்) ஸ்கிரிப்ட் சூடோவுல, அதாவது எல்லா அனுமதியும் உள்ள ரூட் யூசரா, ஓடி லேபிள் பிரின்ட் ஆகும், நல்லாத்தான் வேலை செய்யும். ஆனா அந்த நம்பரை ஒரு கமாண்ட் வரிக்குள்ள ஒட்டி ஷெல் கிட்ட குடுத்திருந்தீங்கன்னா, நம்பருக்கு அப்புறம் ஒருத்தன் ; போட்டு இன்னொரு கமாண்ட் அடிச்சா போதும், அதுவும் ரூட்டாவே ஓடும்.

அதனால கோட்ல முதல்ல, எழுத்தை அப்படியே கமாண்டா ஓட்டுற இவால் (eval), பாஷ் -சி (bash -c) ரெண்டையும் தூக்கிடுங்க. பைத்தான்னா, வேற புரோகிராமை ஓட்டுற சப்பிராசஸுக்கு (subprocess) கமாண்டையும் இன்புட்டையும் தனித்தனியா லிஸ்ட்டா குடுங்க, ஷெல்லை நடுவுல விடாதீங்க. ஸ்கிரிப்ட்டுக்குள்ள, வர்ற முதல் இன்புட்டை "$1"னு எழுதுறப்ப கோட்ஸ் கட்டாயம், ஆனா அது மட்டும் பத்தாது, ஏன்னா - ல ஆரம்பிக்கிற இன்புட்டை கமாண்டு ஆப்ஷன்னு எடுத்துக்கும், அதுக்கு முன்னாடி -- போட்டுடுங்க, முக்கால்வாசி கமாண்டுக்கு அது புரியும்.

இப்ப முக்கியமான இடம். கன்டெய்னர் நம்பர்னா 4 பெரிய எழுத்து, 7 டிஜிட், அவ்வளவுதான். அந்த வடிவத்துல இல்லாத எதையும் உடனே தள்ளிடுங்க, கெட்ட எழுத்தைத் தேடித் தேடி நீக்குற வேலை வேணாம், ஒண்ணு ரெண்டு கண்டிப்பா தப்பிச்சிடும். இந்தச் செக் ரூட்டா ஓடுற ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே இருக்கணும். வெப் பேஜ்ல மட்டும் வச்சா, வெப் சர்வரைப் பிடிச்சவன் பேஜையே தொடாம சூடோவை நேரா கூப்பிடுவான், உங்க செக் அங்க சும்மா உக்காந்திருக்கும்.

யாருக்கு எந்த கமாண்டுக்கு சூடோ அனுமதின்னு எழுதுற சூடோயர்ஸ் (sudoers) ஃபைல்ல, கமாண்டுக்குக் குடுக்குற ஆர்கியுமென்ட்டுக்கு * போடாதீங்க, அது ஸ்பேஸ், / எல்லாத்தையும் சேத்து விடும். என்வைரன்மென்ட் வேரியபிளும் இன்புட்தான், 2014ல வெளிய வந்த ஷெல்ஷாக்ங்கிற பாஷ் ஓட்டையில தாக்குதல் அந்த வழியாத்தான் பாஷுக்குள்ள புகுந்துச்சு, அதனால அந்த வேரியபிள்களை சூடோ சுத்தம் பண்ற என்வி_ரீசெட்டை (env_reset) ஆஃப் பண்ணாதீங்க. சூடோவையும் அப்டேட்ல வைங்க, 2021ல வெளிய வந்த ஓட்டை அதுக்குள்ள 2011ல இருந்தே இருந்திருக்கு.

அப்புறம் ஸ்கிரிப்ட் ஃபைலுக்கும் அது இருக்குற ஃபோல்டருக்கும் ஓனர் ரூட்டான்னு பாருங்க, வெப் யூசர் அதை எடிட் பண்ண முடிஞ்சா மேல சொன்னது எல்லாம் வேஸ்ட். இன்னைக்கே வெப் யூசருக்கு சூடோ என்னென்ன அனுமதி குடுத்திருக்குன்னு லிஸ்ட் எடுங்க, பாஸ்வேர்ட் இல்லாமலே எல்லா கமாண்டும் ஓடலாம்ங்கிற NOPASSWD: ALL இருந்தா மத்தது எதையும் தொடுறதுக்கு முன்னாடி அந்த வரியை, சூடோயர்ஸை எடிட் பண்ற விசூடோவுல (visudo) போய் எடுத்துட்டு, இந்த ஒரு ஸ்கிரிப்ட்டோட முழு பாத்தை மட்டும் எழுதுங்க.