எழுதி முடித்த நாவலை நாமே புத்தகமாக்குவது எப்படி?

நாவல் எப்படி எழுதுவது என்று இதில் தேடாதீர்கள். அது உங்கள் பாடு. கடைசி அத்தியாயத்தை முடித்துவிட்டு, பதிப்பகம் தேடி அலையாமல் நாமே போட்டுவிடலாம் என்று துணிந்தவர்களுக்கான குறிப்பு இது. என் நாவலை இந்த வழியில்தான் கிண்டிலிலும் அச்சிலும் கொண்டுவந்தேன். கணக்கு தொடங்குவது, கடவுச்சொல் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

படி 1: ஒரே ஒரு கோப்பு

பலரிடம் நாவல் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். பாதி வேர்டில், சில அத்தியாயங்கள் ஃபேஸ்புக்கில், மீதி வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டது. ரொம்ப நாளாக எழுதிக்கொண்டிருப்பவர் என்றால் கொஞ்சம் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே யூனிகோட் (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுவான எழுத்துமுறை) கோப்பில் சேருங்கள். பழைய எழுத்துருவில் இருப்பதை என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டால் மாறிவிடும். இனி ஒரு காற்புள்ளியைத் திருத்துவதென்றாலும் இந்தக் கோப்பில்தான் திருத்த வேண்டும்.

அத்தியாயத் தலைப்புக்கு 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி போல்டு பண்ணினால் கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும், ஆனால் கிண்டிலின் பொருளடக்கத்தில் வராது. அடுத்த அத்தியாயத்தைப் புதுப் பக்கத்தில் தொடங்க என்டரைத் தட்டிக்கொண்டே போகாமல் பேஜ் பிரேக் போடுங்கள்.

தட்டச்சுக்கு என் ஓட்டு தமிழ்99 விசைப்பலகை முறைக்குத்தான். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஒரு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் ஒரு நாவல் நீளத்துக்கு அடித்தாலும் கை வலிக்காது.

படி 2: ஔகாரத்தைப் பிடியுங்கள்

என்னை அதிகமாக இழுத்தடித்த இடம் இதுதான். இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதாததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

'மௌனம்' என்ற சொல்லை இரண்டு விதமாக அடிக்கலாம். ம-வோடு ஔகாரக் குறி சேர்ப்பது சரியான முறை. 'மெ' அடித்து, பக்கத்தில் ஒரு 'ள' போடுவது தவறான முறை. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் கணினிக்கு அது 'மெ-ள-னம்'. தேடினால் கிடைக்காது, வாசித்துக்காட்டும் செயலிகளும் உளறும்.

சோதனை சுலபம். சந்தேகப்படும் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'ம' மட்டும் மிஞ்சினால் சரி. 'மெ' மிஞ்சினால் தவறு.

சரி, 'ஃபைண்ட் அண்டு ரிப்ளேஸ்' போட்டு ஒரே அடியில் மாற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஒற்றைக் கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரம் இல்லை. 'வெளியே', 'வெளிச்சம்', 'வெள்ளை', 'தெளிவு' எல்லாவற்றிலும் அந்த ஜோடி நியாயமாகவே இருக்கிறது. மொத்தமாக மாற்றினால் உங்கள் கதாபாத்திரம் 'வெளியே' போகாது, 'வௌியே' போகும். சில கருவிகளில் அந்த இகரம் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டு நிற்கும். இணையத்தில் செய்தித் தளங்களிலேயே 'வௌியீடு', 'வௌ்ளம்' என்று கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடற்கரைக் கதை என்றால் கெளுத்தி மீனும் தப்பாது.

அதனால் சொல் சொல்லாக மாற்றுங்கள். மௌன, கௌர, கௌத, சௌக, சௌந்த, பௌர், யௌவன. சாதாரண நாவலில் பெரும்பாலும் இவ்வளவுதான் வரும். ஒவ்வொன்றையும் தவறான வடிவத்தில் அடித்துத் தேடி, சரியான வடிவத்தை வையுங்கள். 'ஔவை'யும் இதே கதைதான். 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடித்திருந்தால் 'ஒளவை' என்று முழுச் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். வெறும் 'ஒள' என்று தேடினால் 'ஒளி'யும் 'ஒளிந்தான்' என்பதும் மாட்டிக்கொள்ளும். முடித்தபிறகு 'வௌ', 'தௌ' இரண்டையும் தேடிப் பாருங்கள். கிடைப்பது பெரும்பாலும் குப்பையாகத்தான் இருக்கும்.

படி 3: மெய்ப்பு (பிழை பார்ப்பது)

எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி. நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய இந்த இரண்டு கருவிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அத்தியாயம் அத்தியாயமாக ஒட்டிப் பாருங்கள். உரையாடலில் வரும் வட்டார வழக்கையெல்லாம் பிழை என்று காட்டும், கண்டுகொள்ள வேண்டாம். அப்புறம் ஒரு மனிதரிடம் காசு கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டைக்குச் செலவு செய்துவிட்டு மெய்ப்புக்கு நண்பரைப் பிடிக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நண்பர் கதையைப் படிப்பார், ஒற்றுப்பிழையைப் பார்க்க மாட்டார்.

படி 4: கிண்டில்

அமேசானின் கேடிபி என்ற சுயபதிப்புத் தளத்தில் மொழி 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்து வேர்டு கோப்பையோ இபப் (மின்னூல் வடிவம்) கோப்பையோ ஏற்றலாம். அட்டைப்படம் 1600 பிக்சல் அகலம், 2560 பிக்சல் உயரம் இருந்தால் நல்லது. ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) தேவையில்லை. தேடுசொற்களுக்கு 7 பெட்டிகள் தருவார்கள். அதில் ஒன்றில் நாவலின் பெயரை ஆங்கில எழுத்தில் போடுங்கள், அமேசானில் தமிழில் அடித்துத் தேடுகிறவர்கள் குறைவு.

உரிமைத்தொகை 35 சதவீதம், 70 சதவீதம் என இரண்டு வகை. இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 வேண்டுமென்றால் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில் தொடராகப் போட்டிருந்தால் எடுத்துவிட வேண்டும். 10 சதவீதம் வரை மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

வரிப் படிவத்தைப் பார்த்துப் பலர் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வரி அடையாள எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள்.

படி 5: அச்சு

கேடிபியின் அச்சு வசதி தமிழுக்கு இல்லை. உள்ளூர் அச்சகம்தான். டெமி அளவு, அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், 70 ஜிஎஸ்எம் கனமுள்ள, லேசாக மஞ்சளோடிய நேச்சுரல் ஷேடு தாள் நாவலுக்குப் போதும். பளீர் வெள்ளைத் தாள் கண்ணை உறுத்தும். ஆஃப்செட்டில் மொத்தமாக அடிப்பதென்றால் 16 பக்கம் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தொகுதியாக அச்சாகும் என்பதால் 243 பக்கத்தில் நிற்காதீர்கள். 240க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் 256க்கு ஏற்றுங்கள். எத்தனை விற்கும் என்று தெரியாத முதல் நாவலுக்கு பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில், 50, 100 பிரதி போதும்.

லேஅவுட் செய்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, "யூனிகோடிலேயே செய்வீர்களா?" என்பதுதான். இன்னும் பலர் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் செய்கிறார்கள். மாற்றும்போது மேலே பட்ட பாடெல்லாம் மறுபடி பட வேண்டும். இன்டிசைன் மென்பொருளில் செய்கிறார், ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காருகிறது என்றால், பாராகிராஃப் அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், இலவசம். தயவுசெய்து லதா வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். அட்டை வடிவமைக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள், பார்கோடு பின்னட்டையில் போக வேண்டும். புத்தகம் வெளியானதும் 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி என நான்கு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். இது 1954ஆம் ஆண்டுச் சட்டம்.

படி 6: விற்பது

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி நடப்பதால் டிசம்பரில் அச்சகங்களில் கால் வைக்க முடியாது. அக்டோபரிலேயே கோப்பைக் கொடுத்துவிடுங்கள். தனியாகக் கடை எடுப்பதெல்லாம் ஒரு நாவலுக்குக் கட்டாது. தெரிந்த விற்பனையாளரிடம் கழிவு (அவருக்கான பங்கு) பேசி வைக்கச் சொல்லலாம். விலையில் மூன்றில் ஒரு பங்கு கழிவாகப் போகும் என்று வைத்தே விலை போடுங்கள்.

வெளியீட்டு விழாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. மண்டப வாடகை, பொன்னாடை, டீ, போண்டா. வந்தவர்களில் பாதிப் பேர் மேடையில் பேச வந்தவர்கள். அந்தக் காசில், புத்தகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதும் வாசகர்களுக்குப் பிரதி அனுப்புங்கள். கேடிபி செலக்டில் சேர்ந்திருந்தால் கிண்டிலில் 90 நாளுக்கு 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். அதை வெளியான வாரத்தில் செலவழிக்காமல், நாலு மதிப்புரை வந்தபிறகு பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை

பதிப்பகம் ஏற்கெனவே அச்சிட்ட நாவலைத் தானே கிண்டிலில் போடலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அச்சுரிமை மட்டும் கொடுத்திருந்தால் மின்னூல் உரிமை உங்களிடமே இருக்கிறது. எத்தனை ஆண்டு என்று அதில் எழுதாவிட்டால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 ஆண்டு என்றுதான் கொள்வார்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்ப்பேச்சில் கொடுத்தது என்றால், எதற்கும் பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.