"எனக்கு 40 கிலோ குறைந்தது" என்று ஒருவர் சொன்னால் அடுத்து என்ன கேட்க வேண்டும்?

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்கும், செய்துகொண்டு வீட்டுக்கு வந்து செல்போனும் கையுமாக இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மதுரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஸ்லீவ் என்ற எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு சில வருடங்கள் ஆகின்றன. எங்களைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் ஒரு அட்மின். அங்கே தினமும் ஒரே கேள்விதான் வேறு வேறு உருவத்தில் வரும்: "அவங்களுக்கு அவ்வளவு குறைஞ்சிருக்கு, எனக்கு ஏன் குறையலை?"

அதற்குப் பதில் சொல்லும் முன் நான்கு விஷயம் கேட்பேன். எந்த ஆபரேஷன்? எத்தனையாவது மாதம்? ஆரம்ப எடை என்ன? சுகர், தைராய்டு மாதிரி வேறு ஏதாவது உண்டா? இந்த நான்கும் தெரியாமல் இன்னொருவர் அனுபவத்தை உங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது, ஒருவரின் அளவு ஜாக்கெட்டை வைத்து இன்னொருவருக்குத் தைப்பது மாதிரிதான்.

முதலில் ஆபரேஷன். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்கு அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. இன்னொரு வகையான இரைப்பை பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலை அதோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. இரண்டுக்கும் வரும் தொல்லைகள் வேறு. ஸ்லீவ் செய்தவர்கள் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று அதிகம் புலம்புவார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, மயக்கம் வரலாம், டம்ப்பிங் என்பார்கள். இரும்பு, பி12, கால்சியம் குறைவதும் பைபாஸில் கூடுதல். அதனால் "எனக்கு ஒண்ணுமே ஆகலை" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு நடந்தது எந்த ஆபரேஷன் என்று கேட்காமல் ஆறுதல் அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

அடுத்து கணக்கு. கிலோவை கிலோவோடு ஒப்பிடக் கூடாது. எங்கள் குரூப்பில் தேனிப் பக்கத்து அண்ணன் ஒருவர் 150 கிலோவில் ஆரம்பித்து 40 குறைந்தார். கடையில் எனக்கு உதவியாக இருக்கும் பெண்ணின் அக்கா 98 கிலோவில் ஆரம்பித்து 26 குறைந்து, "எனக்குப் பாதிதான் வேலை செஞ்சிருக்கு" என்று அழுதார். குறைந்ததை ஆரம்ப எடையால் வகுத்து நூறால் பெருக்கிப் பாருங்கள். அண்ணனுக்குச் சுமார் 27 சதவீதம், அக்காவுக்கும் சுமார் 27 சதவீதம். இரண்டு பேருக்கும் ஆபரேஷன் ஒரே மாதிரிதான் வேலை செய்திருக்கிறது. முதல் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தோராயமாக ஆரம்ப எடையில் கால் பங்கு போவது சாதாரணம். பைபாஸில் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அது எல்லோருக்கும் பொருந்தும் சட்டம் இல்லை.

மாதத்தைக் கேட்பதுதான் இவற்றில் முக்கியம் என்பேன். குரூப்பில் அதிகமாகப் பேசுபவர்கள் முதல் ஆறு மாதக்காரர்கள். தினமும் எடை பார்ப்பார்கள், போட்டோ போடுவார்கள். மூன்றாவது மாதத்தில் எல்லோரும் ஜெயித்தவர்கள்தான். ஐந்து வருடம் ஆனவர் என்ன சொல்கிறார் என்று தேடிப் பாருங்கள். அப்படி ஆளே கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். நன்றாக இருப்பவர்கள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். திரும்ப எடை போட்டவர்கள் வெட்கப்பட்டுச் சத்தமில்லாமல் வெளியேறியிருப்பார்கள். இரண்டாம் வருடத்துக்கு மேல் கொஞ்சம் எடை திரும்புவது பலருக்கும் நடக்கிறது. அதை யாரும் போட்டோவாகப் போடுவதில்லை.

குரூப்பில் கேட்க வேண்டியது

சமையல், சாப்பாடு, மனசு, ஊர்ப்பேச்சு. இவற்றுக்கு எங்களைவிட நல்ல ஆள் கிடையாது. டயட்டீஷியன் "ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். இட்லியும் ரசம் சாதமும் மட்டுமே வழுக்கிக்கொண்டு இறங்கும் வயிற்றில் 60 கிராமை எப்படிச் சேர்ப்பது? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். இதைத் தினமும் சமாளிக்கிறவருக்குத்தான் தெரியும், காலையில் பாசிப்பருப்பை அரைத்து ஊற்றும் தோசையும், மதியம் சோற்றுக்கு முன்னால் மீனையோ பனீரையோ முதலில் சாப்பிட்டுவிடுவதும். சிக்கன் நெஞ்சுக்கறி காய்ந்திருந்தால் அடைத்துக்கொள்ளும், குழம்பில் ஊறவைத்து மெல்ல வேண்டும் என்பதும் அப்படித்தான். சாப்பிடும்போதும், சாப்பிட்டு அரை மணி நேரம் வரையும் தண்ணீர் குடிக்காதீர்கள் என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்று குரூப்பில் ஒரு அக்கா சொல்லித் தருவார்: டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

மதுரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஜிகர்தண்டா மெல்ல வேண்டாம், அடைக்காது, எளிதாக இறங்கும். அதுதான் ஆபத்து. ஸ்லீவில் இனிப்பான திரவம் எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே போகும், எடையும் கூடவே வரும். பைபாஸ்காரர் குடித்தால் பல நேரம் உடனே உடம்பே தண்டனை கொடுத்துவிடும். ஸ்லீவ் செய்த எங்களில் பலருக்கு அந்தக் காவலும் இல்லை.

எடை மிஷின் நகராமல் நிற்கும் வாரங்களில் இஞ்சு டேப்பை எடுங்கள். மார்பு, இடுப்பு, மேல்கை மூன்றையும் மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். எடை நிற்கும்போது அளவு இறங்குவதைக் கடையில் பலருக்குக் காட்டியிருக்கிறேன். இன்னொன்று, முதல் வருடம் புதுத்துணி தைக்காதீர்கள், இருப்பதைப் பிடித்துப் போடுங்கள். எனக்கு வருமானம் குறைந்தாலும் பரவாயில்லை.

மூன்றிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் தனி மெசேஜில் எண்ணெயும் பவுடரும் விற்க வருவார்கள். யாராவது குரூப்பில் கேள்வி கேட்டவுடன் உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினால் அவர் என்ன விற்கிறார் என்று பாருங்கள். அதே மாதிரி அட்மின் யார் என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரியே நடத்தும் குரூப் என்றால், குறை சொன்ன மெசேஜ் இருக்கிறதா, காணாமல் போகிறதா என்று ஒரு மாதம் கவனியுங்கள்.

"முகம் வாடிப்போச்சே, சுகரா?" என்று தெருவே கேட்கும். ஆபரேஷன் என்று சொன்னால் "நடந்தாலே குறைஞ்சிருக்குமே" என்பார்கள். யாரிடம் சொல்வது, யாரிடம் மழுப்புவது என்பது உங்கள் இஷ்டம். மாமியாருக்குத் தெரியாமல் மூன்று வருடம் ஓட்டியவரும் எங்களில் இருக்கிறார்.

குரூப்பில் கேட்கவே கூடாதது

மாத்திரை அளவு. ஆபரேஷன் முடிந்து எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே சுகர் இறங்கலாம். பழைய இன்சுலினையும் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையையும் அதே அளவில் போட்டால் சுகர் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடலாம். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். "நான் நிறுத்திட்டேன், நீங்களும் நிறுத்துங்க" என்று எழுதினால் எங்கள் குரூப்பில் அந்த மெசேஜை அழித்துவிடுவோம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளையும் கடையில் வாங்கிப் போடக் கூடாது. குறிப்பாக பைபாஸில் இணைத்த இடத்தில் புண் வரலாம்.

முதல் சில வாரங்களில் காய்ச்சல், அதிக இதயத் துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் டைப் செய்துகொண்டிருக்காதீர்கள். உள்ளே தையல் போட்ட இடத்தில் கசிவு இருக்கலாம், ஆபரேஷன் செய்த டாக்டருக்கு உடனே போன். அடுத்து, நாள்கணக்கில் நிற்காத வாந்தி. "எனக்கும் வந்துச்சு, சரியாயிடும்" என்று நாலு பேர் எழுதுவார்கள். அதை நம்பி விட்டுவிட்டால் தியாமின் என்ற பி1 சத்து வேகமாகக் குறைந்து கண் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது வரை போகும். அது அவசரம்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களை ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அதைத் தேதியோடு டாக்டரிடமே பேசுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. பாலிசிகளில் உள்ள பொது விதி: வயது 18 அல்லது அதற்கு மேல், பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல், அதோடு கட்டுக்குள் வராத சுகர், கடுமையான தூக்க மூச்சடைப்பு மாதிரி நோய். அதற்குக் கீழே இருப்பவருக்கும் ஆபரேஷன் தேவை என்று டாக்டர் சொல்லலாம், பணம் கிடைக்காமல் போகலாம். அட்மிட் ஆகும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி போடும்போது இப்படிப் போடுங்கள்: "ஸ்லீவ், 4ஆம் மாதம், ஆரம்பம் 112, இப்போது 91, சுகர் உண்டு. சப்பாத்தி அடைக்கிறது, வேறு என்ன சாப்பிடலாம்?" நாலு உருப்படியான பதில் வரும். வெறுமனே "ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்" என்றால் கும்பிடு போடும் படங்கள்தான் வரும்.

அப்புறம், எடை திரும்பினால் குரூப்பை விட்டுப் போகாதீர்கள். எங்கள் குரூப்பில் ஜனவரியில் பழைய ஆட்களிடம் மூன்று எண் மட்டும் கேட்போம்: எடை, ஹீமோகுளோபின், பி12. கூடியவர்களும் போடுவார்கள். போன தடவை நானும் 6 கிலோ கூடியதைப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளாகப் பேசாமல் இருந்த திண்டுக்கல் தம்பி 11 என்று எழுதினார். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கும் போனார்.