இரண்டு கோடு விழுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று பேச்செடுத்த அன்றே மருந்துக் கடைக்குப் போய் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிவிடுங்கள். மருத்துவர் சீட்டு வேண்டாம், விலையும் அதிகமில்லை. பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு விழட்டும், அப்புறம் வாங்கலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். சிங்கப்பூரில் கர்ப்பிணிகள் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல் தடவை வருகிற பெண்களில் பலரும் எட்டு, ஒன்பது வாரம் ஆன பிறகுதான் வருவார்கள். ஆனால் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக் குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அது பிளவில்லாமல் மூடத்தான் இந்த மாத்திரை. மாதவிலக்கு தள்ளிப்போய், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருந்தாலே அந்த 28 நாளில் முக்கால்வாசிக் காலம் போய்விடுகிறது.

தினமும் 400 மைக்ரோகிராம். கரு தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆவது வாரம் வரை. அட்டையைத் திருப்பி அளவைப் படியுங்கள். 5 மில்லிகிராம் மாத்திரையும் உண்டு, அது பன்னிரண்டு மடங்குக்கு மேல். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடப் பிளவு இருந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குத்தான் மருத்துவர் அந்தப் பெரிய அளவைத் தருவார். அப்படி முன்பே பாதிக்கப்பட்ட தாய்மார்களுக்குத் தினமும் 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வு 1991இல் வெளிவந்தது. மறுபடி வரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைந்தது. "மிஸ்ஸி, நான்தான் தினம் முருங்கைக்கீரை சாப்பிடுகிறேனே" என்பார்கள். சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட்டில் ஒரு பங்கு கொதிக்கிற தண்ணீரிலேயே போய்விடும். மாத்திரையும் வேண்டும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். தலசீமியா என்பது ரத்தச் சிவப்பணு சரியாக உருவாகாத பரம்பரை நோய். அதன் மரபணுவைத் தாங்குகிறவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்சம் ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையோடு வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார். இருவருமே ஒரே வகையைத் தாங்குகிறவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, கடுமையான தலசீமியாவோடு பிறக்க. பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) சோதிக்கலாம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் இதற்கென்றே தேசியத் தலசீமியா பதிவகம் இருக்கிறது.

அத்தை மகனையோ மாமன் மகளையோ கட்டியவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது. பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு ஏதாவது பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அப்போதும் பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறார்கள், அதனால் யாரும் பதற வேண்டாம். கல்யாணத்தைச் செய்துவைத்த பெரியவர்களோடு சண்டை போட்டும் பயனில்லை. கிளினிக்கில் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நீரிழிவு நம் ஆட்களிடம் அதிகம், இளம் வயதிலேயே வருகிறது. முதல் சில வாரங்களில் சர்க்கரை ஏறியிருந்தால் குழந்தையின் இதயத்தையும் தண்டுவடத்தையும் அது பாதிக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருத்தரிப்பது நல்லது.

ருபெல்லா, அதாவது ஜெர்மன் தட்டம்மை, ஊசி விஷயத்தில், தமிழ்நாட்டிலிருந்து மருமகளாக வந்திருக்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இங்கே 1976இலேயே பள்ளி மாணவிகளுக்கு அந்த ஊசி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரிய அளவில் போடத் தொடங்கியது 2017இல், அதுவும் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அதைவிட மூத்தவர்கள் பலருக்குப் போட்டிருக்காது. முதல் மூன்று மாதத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் மூன்றையும் தாக்கும். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரியுங்கள். கர்ப்பமான பிறகு இந்த ஊசியைப் போட மாட்டார்கள்.

சாப்பிடுகிற மருந்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், அளவு, தொடங்கிய தேதி. பருவுக்குத் தருகிற ஐசோட்ரெட்டினோயின் ஆபத்தானது. நிறுத்திக் குறைந்தது ஒரு மாதமாவது ஆகவேண்டும். வலிப்புக்குத் தருகிற வால்ப்ரோயேட்டும் அப்படித்தான், ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். ஊரிலிருந்து டப்பாவில் வருகிற லேகியம், பஸ்பம் எல்லாவற்றையும் அந்த நோட்டில் சேருங்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படுகிற மருந்தைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

கிரகணத்துக்கும் உதட்டுப் பிளவுக்கும் சம்பந்தம் இல்லை. 2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் சூரியன் வளையமாகத் தெரிந்தபோது, பகல் முழுக்கத் திரையை இழுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் இருந்தார்கள். நீரிழிவு உள்ள பெண்ணுக்கு அந்தப் பட்டினிதான் கெடுதல். உதடு சேர்வது முதல் ஏழு வாரத்துக்குள். அந்த நேரத்தில் புகைப்பது, சில வலிப்பு மருந்துகள், கட்டுப்படாத சர்க்கரை, குடும்ப வழி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். சும்மா ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருந்து மாமியாரைத் திருப்திப்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கொசு விஷயம் தெரிந்ததுதான். 2016 ஆகஸ்டில் இங்கே அல்ஜூனிட் பக்கம், கருவிலுள்ள குழந்தையின் மூளையைப் பாதிக்கிற ஸிக்கா கிருமி கொசுவால் பரவியதை மறக்காதீர்கள். பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

கரு உறுதியானதும் ஸ்கேன் தேதிகளை முன்பதிவு செய்யுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கிற பெரிய ஸ்கேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று இரண்டாவதைத் தள்ளாதீர்கள். தாயின் ரத்தத்தில் குழந்தையின் மரபணுவைப் பார்க்கிற சோதனை, டௌன் சிண்ட்ரோம் போன்ற குறைகளுக்கு வாய்ப்பு கூடவா குறைவா என்று மட்டுமே சொல்லும். உறுதியாகத் தெரிய பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

குறை ஏதாவது தெரிந்தால், அந்தத் தகவல் 1993இல் தொடங்கிய தேசியப் பிறவிக் குறைபாட்டுப் பதிவகத்துக்கும் போகும். பயப்பட வேண்டாம், உங்களை யாரும் குற்றம் சொல்வதற்காக அல்ல. எந்தக் குறை எந்த ஆண்டு கூடுகிறது என்று தெரிந்தால்தான் காரணத்தைத் தேட முடியும். 1950களின் இறுதியில், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்ட தாலிடோமைடு மாத்திரை சந்தைக்கு வந்தபோது அப்படி எண்ணுகிற ஏற்பாடு பெரும்பாலான நாடுகளில் இல்லை. கைகால் குறுகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகு, 1961இல்தான் மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். என்ன மருந்து, எப்போது சாப்பிட்டீர்கள் என்று உங்களிடம் கேட்கும்போது அந்த மருந்து நோட்டை எடுத்துக் கொடுங்கள்.

பரிசோதனை அறிக்கைகளின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிள்ளைக்கு முன் மரபியல் ஆலோசகரைப் பார்க்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) மாற்றம் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், அவருடைய தங்கைக்கும் தம்பிக்கும்கூட அது இருக்கலாம். கல்யாண வயதில் இருக்கும் அவர்களிடம் சொல்லி, அவர்களையும் சோதிக்க அனுப்புங்கள்.