டாட் காபி, டாட் ஃபார்ம் வாங்கும் முன்: இரண்டாம் ஆண்டு விலையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொடைக்கானல் பக்கம் தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருக்கும் மாமாவுக்கு இணையதளப் பெயர் வாங்கித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. வறுத்து அரைத்த அராபிகா தூள், மிளகு, சீசனில் கொஞ்சம் பட்டர் ஃப்ரூட், இவ்வளவுதான் சரக்கு. அவர் ஆசைப்பட்டது மலையைக் குறிக்கும் குட்டி ஆங்கிலச் சொல், அதற்குப் பின்னால் டாட் காபி. தேடினால் ‘கிடைக்கிறது’ என்று பச்சையில் வந்தது. பக்கத்திலேயே, ஒரு ஏக்கர் நிழல் மரத்துக்குக் கவாத்துக் கூலி கொடுத்துவிடலாம் போல ஒரு விலை. அது ஒரு தடவை கட்டுவதா, வருஷா வருஷம் கட்டுவதா என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வழிதான் இந்தப் பதிவு. கணக்குத் தொடங்குவது, பணம் கட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: பெயர்களை நோட்டில் எழுதுங்கள்

தேடல் பெட்டியில் நேரடியாக இறங்காதீர்கள். அது பல தடவை விலை அதிகமானதைத்தான் மேலே காட்டும். ஊர்ப் பெயர் சேர்ப்பதாக இருந்தால் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதுங்கள். எங்கள் ஊரையே ‘குடி’க்கு கே போட்டும் எழுதுகிறார்கள், ஜி போட்டும் எழுதுகிறார்கள். பஸ் போர்டில் ஒன்று, கடைப் பலகையில் இன்னொன்று. கொடைக்கானல் வந்துவிட்டு இறங்கும் டூரிஸ்ட் எதை டைப் செய்வார் என்று யோசித்து, முடிந்தால் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயருக்கு யாரும் கூடுதல் விலை வைப்பது அபூர்வம்.

படி 2: அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறாரா?

விலை கூடுதலாக வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. யாரோ முன்பே வாங்கிவைத்து மறுவிற்பனை செய்கிறார், அல்லது பதிவகமே, அதாவது அந்த நீட்டிப்பை (டாட் காபி, டாட் காம் மாதிரி பெயரின் கடைசித் துண்டை) நடத்தும் நிறுவனமே, ‘பிரீமியம்’ என்று முத்திரை குத்தியிருக்கிறது. விற்கும் தளங்களில் பல இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே முத்திரையோடு காட்டும். ஆனால் முதல் வகையில் பெரிய தொகை ஒரு தடவையோடு முடிந்தது, அடுத்த வருஷம் சாதாரணக் கட்டணம்தான். இரண்டாவது வகையில் பெரும்பாலும் வருஷா வருஷம் அதே பெரிய தொகை.

பிரித்துப் பார்க்க, உலக அளவில் இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பின் இலவசத் தேடல் பக்கம் போதும்: லுக்கப் டாட் ஐகேன் டாட் ஆர்க். பெயரைப் போட்டால் பதிவு தேதியோடு விவரம் வருகிறதா? ஆள் இருக்கிறார், மறுவிற்பனை. ஒன்றுமே இல்லை, ஆனால் விலை மட்டும் எகிறுகிறதா? பதிவகப் பிரீமியம். உறுதி செய்ய இன்னும் இரண்டு தளங்களில் தேடுங்கள். பதிவகம் வைத்த விலை என்றால் எங்கே போனாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான், கடைக்காரர் லாபம் மட்டும் மாறும். எங்கள் டாட் காபி பெயர் இந்த வகைதான்.

படி 3: கூடையில் 1 ஆண்டை 2 ஆக்குங்கள்

நிதானமாகச் செய்யவேண்டிய இடம் இதுதான். பெயரைக் கூடையில் போடுங்கள், பணம் கட்டவேண்டாம். ஆண்டு எண்ணிக்கை 1 என்று இருக்கும். மொத்தத்தைக் குறித்துக்கொண்டு அதை 2 ஆக மாற்றுங்கள். இரண்டாவது மொத்தத்திலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் புதுப்பிப்பு விலை.

டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் மாதிரி நீட்டிப்புகளில் முதல் வருஷம் டீ செலவுக்குக் கிடைப்பதாக விளம்பரம் வரும். 2 போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முகத்தில் அறையும். பதிவகப் பிரீமியம் என்றால் பெரும்பாலும் தொகை அப்படியே இரட்டிப்பாகும். சில பதிவகங்கள் முதல் வருஷம் மட்டும் கூட்டி வாங்கிவிட்டு அப்புறம் சாதாரண விலைக்கு வந்துவிடும். அதுவும் இந்தக் கழித்தலில் தெரிந்துவிடும். கடைசியில் 18 சதவீதம் ஜிஎஸ்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாமா இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, “மாப்ளே, பேருக்கே இவ்வளவுன்னா தூளை யார்கிட்ட விக்கிறது?” என்றார்.

ஏன் இப்படி? டாட் காமில் நல்ல பெயர், சொத்தைப் பெயர் என்ற பேதம் கிடையாது. பதிவகம் விற்கும் தளங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மொத்த விலைதான் வாங்கலாம் (2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர்). அது ஏறுவதற்கும் வரம்பு உண்டு. 2012இல் ஐகேன் திறந்த புதிய நீட்டிப்புகளுக்கு விலை வரம்பு வைக்கவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு 1,85,000 டாலர் கட்டணம், வந்தவை 1,930. டாட் ஷாப் 2016இல் 4.15 கோடி டாலருக்கு ஏலம் போனது. போட்ட காசை எடுக்கவேண்டாமா? நல்ல சொற்களையெல்லாம் தனியே பொறுக்கி வைத்து விலை ஏற்றிவிட்டார்கள். வாங்கிப் பதுக்குகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த விலை என்பது அவர்கள் நியாயம். தோட்டக்காரருக்கு யார் பதுக்கினால் என்ன?

படி 4: டிக் போடும் முன் படியுங்கள்

சாதாரணப் பெயர்களுக்கு ஒரு காப்பு உண்டு. புதிய நீட்டிப்புப் பதிவகம் புதுப்பிப்பு விலையை ஏற்றினால் விற்கும் தளங்களுக்கு 180 நாள் முன்பே சொல்லவேண்டும். அதற்குள் பழைய விலையிலேயே 10 ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம். (தகவல் தளத்துக்குத்தான் போகும், உங்களுக்கு அவர்கள் சொன்னால்தான் உண்டு.) புதுப்பிப்பு விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றும் ஐகேனோடு பதிவகம் போட்ட ஒப்பந்தம் சொல்கிறது, ஒரு விதிவிலக்கோடு: வாங்கும்போதே கூடுதல் புதுப்பிப்பு விலைக்கு நீங்கள் சம்மதித்திருந்தால் இது பொருந்தாது. அந்தச் சம்மதத்தைத் தெளிவாகக் கண்ணில் படும்படி கேட்கவேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது பொடி எழுத்தில், டிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

படி 5: டாட் இன் வாங்குங்கள்

என் சிபாரிசு இதுதான், சுற்றி வளைக்கவில்லை. ஊர்ப் பெயரையும் காபியையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி டாட் இன் எடுத்தோம். டாட் கோ டாட் இன் எடுத்தாலும் மோசமில்லை. வாங்கும் தளத்தைப் பொறுத்தவரை எனக்கு இரண்டே நிபந்தனை: புதுப்பிப்பு விலையை முதல் பக்கத்திலேயே காட்டவேண்டும், யுபிஐ எடுக்கவேண்டும். கூடவே ஹோஸ்டிங் (தளத்தை வைக்க இட வாடகை), மின்னஞ்சல் என்று கூடையில் தானாக ஏறும் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்.

சேர்த்தது: பிரீமியம் பெயரை வேறு தளத்துக்கு மாற்றினால் விலை குறையுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிதாகக் குறையாது. மாற்றும்போது ஒரு ஆண்டு புதுப்பிப்புக்கும் சேர்த்துக் கட்டுகிறோம், பிரீமியத்துக்கு அதுவும் பிரீமியம் விலையில்தான். புதிதாகப் பதிந்த பெயரை முதல் 60 நாள் பொதுவாக மாற்றவும் முடியாது.

இன்னொரு சேர்க்கை: தமிழிலேயே டாட் இந்தியா வாங்கலாமே என்று கேட்டவர்களுக்கு, தாராளமாக வாங்கலாம். ஆனால் சில செயலிகளில் அந்த முகவரி எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக மாறித் தெரியும். இரண்டாவது பெயராக வைத்துக்கொண்டு டாட் இன்னுக்குத் திருப்பிவிடுங்கள்.

கடைசியாக வந்த சிக்கல் பண்ணைக்காட்டுக்காரர் ஒருவருடையது. வெளிநாட்டுத் தளத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு வைத்திருந்தார், கார்டு மறுக்கப்பட்டது. 2021 அக்டோபர் முதல் தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி கடுமை. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேண்டும். பிரீமியம் பெயர் அந்த எல்லையை எளிதில் தாண்டும். மழையில் டவர் போனால் ஓடிபியும் வராது. கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, வத்தலகுண்டு இறங்கும் நாளாகப் பார்த்துக் கையாலேயே கட்டிவிடுங்கள்.