அஞ்சல் வழியில் பத்திரிகை உதவி ஆசிரியர் (சப்-எடிட்டர்) பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை இதழியலை வீட்டிலிருந்தே படிக்க வழி செய்திருக்கின்றன. பாட நூல்கள் வீடு தேடி வந்துவிடும். நிருபர்களின் செய்திகளை உதவி ஆசிரியர்கள் திருத்தித் தலைப்பிடும் செய்திப் பிரிவின் மேசை வராது. அந்த மேசையில் புதிதாகச் சேர்ந்தவர் திருத்திய செய்திப் பிரதியை மூத்தவர் ஒருவர் வாங்கிப் பார்த்து, “இதை ஏன் வெட்டினாய், இதை ஏன் விட்டாய்?” என்று கேட்பார். அப்படிக் கேட்க ஆளில்லாமல் படிப்பவர்களிடம் சில தவறுகள் ஊறிப்போய்விடுகின்றன.

அவற்றுள் முதலாவது, மெய்ப்புத் திருத்துவதையே உதவி ஆசிரியர் பணி என்று எண்ணிக்கொள்வது. பகுதிநேர நிருபர் ஒருவர் இப்படி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நேற்று மாலை சுமார் 5 மணியளவில் லாரி மோதியதில் பைக்கில் சென்ற இருவர் பரிதாபமாக உயிரிழந்தனர்.” எழுத்துப் பிழை தேடுபவருக்கு இதில் வேலையே இல்லை. ‘சுமார்’ இருக்கும்போது ‘அளவில்’ எதற்கு என்று உதவி ஆசிரியர் கேட்க வேண்டும். ‘பரிதாபமாக’ என்பதை அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செய்தியின் கீழ்ப்பகுதியில் உள்ள, இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் வரியில் இருவர், மூன்றாம் பத்தியில் மூன்று பெயர்கள் என்று வரும் பிரதிகள் அபூர்வமல்ல. பெயர்களை எண்ணாமல் விட்டதால் மறுநாள் திருத்தம் வெளியிட்ட அனுபவம் எனக்கும் உண்டு.

இதற்காக இலக்கணத்தை அலட்சியம் செய்துவிடவும் கூடாது. ‘வேலை கொடு’ என்பதும் ‘வேலைக் கொடு’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கேட்பது பணி, பின்னதில் கேட்பது வேல். தலைப்பில் இடம் போதாதபோது வேற்றுமை உருபைக் கழிப்பது இதைவிட ஆபத்தானது. ‘ஆசிரியரைத் தாக்கிய மாணவர் கைது’ என்ற தலைப்பு ஒரு பத்தி (காலம்) அகலத்தில் அடங்கவில்லை என்று ‘ஆசிரியர் தாக்கிய மாணவர் கைது’ எனச் சுருக்கினால், அடி வாங்கியவரே கைதானதாகச் செய்தி மாறிவிடும். ‘கொலையாளி கைது’ என்று தலைப்பிடுவதும் இத்தகையதே. நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை அவர் ‘கொலை வழக்கில் கைதானவர்’ மட்டுமே. தலைப்பில் இரண்டு சொல் மிச்சமாகிறது என்பதற்காக நாம் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

முக்கியமானதை மேலே வைத்துக் குறைந்ததைக் கீழே தள்ளும் தலைகீழ் பிரமிடு வடிவத்தைப் பாடத்தில் படித்தவுடன், எந்தச் செய்தியையும் கடைசிப் பத்தியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம் என்ற துணிவு வந்துவிடுகிறது. முக்கியமானவற்றை முதலில் வைத்து எழுதப்பட்ட பிரதிக்கே அது பொருந்தும். நம் ஊர்களிலிருந்து வரும் பல பிரதிகளில், குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் மறுப்பு கடைசி வரியில்தான் இருக்கும். அதை வெட்டினால் செய்தி ஒருதலையாகிவிடும்.

செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கில ஏஜென்சிச் செய்திகளைத் தமிழாக்கும்போது எண்களும் நேரமும் தடுக்கி விழவைக்கும். 2.5 மில்லியன் என்பது 25 லட்சம், 1.2 பில்லியன் என்பது 120 கோடி. நியூயார்க்கில் கோடைக்காலச் செவ்வாய்க்கிழமை இரவு 10 மணி என்றால், இங்கே புதன்கிழமை காலை 7.30 ஆகியிருக்கும். ‘நேற்று’ என்று போடும் முன் அது யாருடைய நேற்று என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டப் பகுதியைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்வதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பழைய பாட நூலை மட்டும் நம்பியிருப்பவர் இதைத் தவறவிடக்கூடும். எண்ணைவிட அதன் உட்பொருள் முக்கியம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தையின் பெயரை மட்டுமன்றி, முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றையும் வெளியிடக் கூடாது என்கிறது. பெயரை மறைத்த நிறைவில், ‘அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்புப் படிக்கும், டெய்லர் கடை நடத்துபவரின் மகள்’ என்று எழுதி, ஊர்ப் பெயரையும் சேர்த்துவிட்டால், அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

ஒரே நாளிதழின் நடையை வேதவாக்காகக் கொள்வதும் வேண்டாம். 1934-இல் தோன்றிய தினமணிக்கும் 1942-இல் மதுரையில் தோன்றிய தினத்தந்திக்கும் வாசகர்களும் வேறு, வாக்கிய அமைப்பும் வேறு. ஒரே நிகழ்வை இரண்டிலும் படித்து, ஒருவர் எதை முதல் வரிக்குக் கொண்டுவந்தார், மற்றவர் எதைக் கைவிட்டார் என்று பார்ப்பது, பாடநூலின் ஓர் அத்தியாயத்துக்குச் சமமான பயிற்சி.

கடைசியாக, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பயில்வது. வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு (அசைன்மென்ட்) ஒரு மாதம் அவகாசம் கிடைக்கும். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும் வேளையில் வரும் செய்திக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. இரவில் ஓர் ஏஜென்சிச் செய்தியை எடுத்து, எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு, 300 சொற்களை 120 ஆக்கித் தலைப்பும் இட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் நாளிதழ் வந்ததும் அதே செய்தியை அருகில் வைத்து, அவர்கள் வெட்டி நீங்கள் விட்டுவைத்த சொற்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள்.