அம்மாவுக்கு விமானத்தில் சைவச் சாப்பாடு சொல்வது எப்படி

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அம்மா முதல் தடவை போனபோது டிக்கெட் போட்டது நான்தான். உணவுப் பட்டியலில் ‘இந்து உணவு’ என்று இருந்தது. சைவமாகத்தான் இருக்கும் என்று அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன். அம்மா தட்டின் மேல் இருந்த அலுமினியத் தாளைப் பிரித்தால், உள்ளே கோழிக் குழம்பு. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு பன்னும் தண்ணீரும்தான். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், அந்த உணவுக்கான நான்கு ஆங்கில எழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். எச்என்எம்எல் என்பது இந்து அசைவம்: மாடும் பன்றியும் இருக்காது, கோழி, ஆடு, மீன், முட்டை வரலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஏவிஎம்எல்தான் சரி. இந்திய மசாலாவில் சமைத்த சைவம், பால், தயிர் உண்டு. வெங்காயம், பூண்டு, கிழங்கு சேர்க்காதவர்களுக்கு விஜேஎம்எல், அதாவது ஜைன உணவு. விஜிஎம்எல் வேண்டாம், அதில் பால், தயிர்கூட இருக்காது.

எந்த நாட்டு விமானம் என்பதையும் பாருங்கள். எமிரேட்ஸில் எல்லாச் சாப்பாடும் ஹலால் என்பதால் முஸ்லிம் நண்பர்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சவூதியாவில் மது கிடையாது. ஸ்ரீலங்கனில் சிங்களத்தில் ‘ஆயுபோவன்’ என்பதோடு ‘வணக்கம்’ என்றும் வரவேற்பார்கள். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அதனால் அந்த ஊர் விமானத்தில் ஏறியதும் “தமிழ் பேசுறவங்க இருக்காங்களா?” என்று கேட்கும்படி அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறேன். இல்லாமலும் போகலாம், ஆனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். நான் இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவேன். டிக்கெட் ஒரு நிறுவனத்திடம், பறப்பது வேறு நிறுவன விமானம் என்றால் பறக்கும் நிறுவனத்துக்கே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நடுவில் இந்தத் தகவல் தொலைந்துபோகும். இருக்கை எண்ணை வைத்துத்தான் தட்டு வரும், அதனால் இடம் மாறி உட்கார்ந்தால் பணியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், தனியாகச் சொன்ன தட்டு தள்ளுவண்டிக்கு முன்பே கையில் வரும். இதை அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டாவது பயணத்தில் தனக்கு மட்டும் முதலில் வந்ததும், தனியாகக் காசு கேட்பார்களோ என்று பயந்து, பக்கத்து இருக்கைக்காரருக்குத் தட்டு வரும்வரை மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாராம்.